இடப்பக்கம் என்ன தெரியுது?

எங்கள் வீட்டுக்காரரைப் பற்றி ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், தங்கமான மனுஷன் என்றுதான் சொல்வார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, அவரோடு குடித்தனம் நடத்துகிறவள் நான்.

ஊர் அவருக்கு வைத்த பெயர் கொக்கு. ஒல்லியாக, நெட்டையாக, முழங்கால் தண்ணீரில் அசையாமல் நிற்கத் தெரிந்தவருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? தொழில், துடுப்புப் படகில் ஆட்களைச் சதுப்புக்குள் கூட்டிப் போவது. எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஒரு சிமெண்ட் சரிவு தண்ணீருக்குள் இறங்கும். அங்கிருந்து கிளம்பி இரண்டு நாள் துடுப்புப் போட்டால்தான் உள்ளேரி என்கிற ஏரி வரும். நடுவில் வீடு கிடையாது, கடை கிடையாது, போனில் சிக்னல் கிடையாது. ஆள் உயரத்துக்கு மேல் நாணல், அதற்குள் சந்து சந்தாகத் தண்ணீர். ஏசி அறையில் உட்கார்ந்து அலுத்துப்போனவர்கள் காசு கொடுத்து அங்கே போய்க் கொசுக்கடி வாங்கிக்கொண்டு வருவார்கள். வந்ததும் சொர்க்கம் என்பார்கள்.

அந்தச் சொர்க்கத்துச் சேற்றைத் துவைக்கிறவள் நான். வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட். உள்ளே நான்கு படகுகள், ஆணிகளில் லைஃப் ஜாக்கெட்டுகள், கொடியில் டென்ட். ஒவ்வொரு பயணம் முடிந்ததும் டென்டைக் கழுவ வேண்டும், ஜிப்பில் சிக்கிய புல்லை ஊசியால் எடுக்க வேண்டும், அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்க்க வேண்டும். அடுத்த பயணத்துக்கு ரொட்டி, முட்டை, டீத்தூள் எல்லாவற்றையும் தண்ணீர் புகாத பையில் கட்டி வைக்க வேண்டும். துணியில் கறுப்புச் சேறு இருந்தால் மழைக்கு மேட்டில் ஒதுங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். சாம்பல் சேறு என்றால் உள்ளேரி வரை போயிருக்கிறார்கள். சதுப்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் வாளியின் அடியில் தங்கியதுதான்.

கல்யாணமான புதிதில், "உன்னை ஒரு நாள் உள்ளேரிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார். அப்போது வயிற்றில் இருந்த மகள் இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். எங்களுக்கு வருகிற புக்கிங்கைக்கூட அங்கிருந்தே போனில் அவள்தான் கவனிக்கிறாள். நான் அந்தச் சிமெண்ட் சரிவைத் தாண்டவில்லை. ஒரு வருஷம் தண்ணீர் குறைச்சல், ஒரு வருஷம் தண்ணீர் கூடுதல். ஒரு வருஷம் மாமியாருக்கு இடுப்பு எலும்பு, ஒரு வருஷம் மகளுக்குப் பரீட்சை. எல்லாம் கூடி வருகிற வருஷத்தில் மிச்சமிருக்கிற ஒரே இடத்துக்கும் எவனாவது ஒருவன் கடைசி நிமிஷத்தில் வந்து சேர்ந்துவிடுவான்.

சரி, கூட்டிப் போகத்தான் இல்லை, பேசவாவது செய்வாரா? வீட்டில் கல்லுளிமங்கன். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். ஆனால் படகில் ஏறிவிட்டால் வேறு ஆள் என்று கேள்வி. வந்து போனவர்கள் போனில் பாராட்டி எழுதிப் போடுவதை மகள் எனக்கு வாசித்துக் காட்டுவாள். ஒரு காலேஜ் டீச்சரம்மா எழுதியிருந்தாள்: "இவர் எங்களுக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். இடப்பக்கம் என்ன தெரியுது, வலப்பக்கம் என்ன தெரியுது என்று கேட்டுக் கேட்டே எங்கள் கண்ணைத் திறந்துவிட்டார்." இது இரண்டு சீசனாக அவர் பிடித்துக்கொண்ட புது வழக்கம். அதற்கு முன்னால் அவராகவே எல்லாவற்றையும் காட்டுவாராம். இப்போது கஸ்டமர்களைச் சொல்ல வைக்கிறார். அது ரொம்பப் பிடித்துப்போய் ஆள் மேல் ஆள் வருகிறார்கள்.

ஊரார் கண்ணைத் திறக்கிறவர் வீட்டுக்குள் நடந்துகொள்கிற லட்சணத்தைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். கைக்கெட்டுகிற தூரத்தில் வைத்த டம்ளரைத் தட்டிவிடுவார். கயிறு வாங்க வேண்டும் என்று பஸ் ஏறிப் போனவர் சாயங்காலம் வெறுங்கையோடு வந்து நின்றார். முட்டி வலிக்கிறது என்று வேன் ஓட்டுவதை விட்டுவிட்டார். இப்போது கஸ்டமர்களை பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டி வருவதும் என் தலையில்தான். அது என்ன முட்டி வலியோ, துடுப்புப் போட மண்டி போடும்போது மட்டும் வராது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டார். நான் வாயைத் திறந்ததும் மூஞ்சியை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொள்வார். சன்னலைப் பார்ப்பார், காலண்டரைப் பார்ப்பார், என்னைப் பார்க்கமாட்டார். போன வருஷம் மகள் எனக்குச் சிவப்பு பிரேம் போட்ட கண்ணாடி வாங்கிக் கொடுத்தாள். பக்கத்து வீட்டுக் குழந்தைகூட "அத்தை கிளி மாதிரி இருக்காங்க" என்று சிரித்தது. இவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஐம்பது வயதைத் தொட்ட பெண்டாட்டி முகத்தில் இனிமேல் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. எனக்கு அது வலித்தது. கேட்கவும் வெட்கமாக இருந்தது.

மழைக்காலம் முடிந்து சீசன் தொடங்குவதற்கு முன்னால், ஒவ்வொரு வருஷமும் அவர் ஒரு தடவை தனியாக உள்ளே போய் வருவார். முடிச்சுப் போடப் போகிறேன் என்பார். மழை வெள்ளத்தில் நாணல் திட்டுகள் இடம் மாறும். போன வருஷம் வழி இருந்த இடம் இந்த வருஷம் அடைத்துக்கொண்டிருக்கும். அதனால் எங்கெங்கே திரும்ப வேண்டுமோ அங்கெல்லாம் அந்தப் பக்கத்து நாணலில் ஒரு பிடியைச் சேர்த்து இழுத்து முடிச்சுப் போட்டு வைப்பார். பழைய முடிச்சு பழுப்பாக இருக்கும், புதுசு பச்சையாக இருக்கும். பின்னால் வேறு படகுகளில் வருகிறவர்கள் கொஞ்சம் பிந்தினாலும் அந்த முடிச்சைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்கள். நாலு நாளில் முடிகிற வேலை. போன வருஷம் அதற்கு எட்டு நாள் எடுத்துக்கொண்டார். எதிர்க்காற்று என்றார். அந்தச் சீசனில் ஒரு கூட்டம் அரை நாள் பிந்தித் திரும்பியபோதும் அதையேதான் சொன்னார்.

இந்த வருஷம் டீ குடித்துக்கொண்டே, "முடிச்சுப் போடப் போறேன். நீயும் வா" என்றார்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. இடுப்பும் தோளும் சொன்னபடி கேட்ட காலத்தில் கூப்பிடாதவர். "எதுக்கு? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?" என்றேன்.

டம்ளரை வாய்க்குக் கொண்டுபோன கை அப்படியே நின்றது. பிறகு காலண்டரைப் பார்த்தபடி, "வரியா, வரலயா?" என்றார்.

"வரேன்" என்றேன். விட்டால் மறுபடி இருபது வருஷம் ஆகும்.

மகளிடம் போனில் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். "ஹனிமூனா? இப்பவாவது போய்ட்டு வாங்க. அம்மா, அப்பாகிட்ட ஒண்ணு சொல்லிடு. சனிக்கிழமை வர்றவங்க ரெண்டு சின்னப் பசங்களோட வராங்க. பசங்களுக்கு நீச்சல் தெரியாதாம். அப்பா இருக்கார்ல, பயப்படாதீங்கன்னு சொல்லியிருக்கேன்." நான் அவரிடம் சொன்னேன். "சரி" என்றார்.

திங்கட்கிழமை காலையில் படகில் ஏறும்போதே தகராறு. என்னை முன்னால் உட்காரச் சொன்னார். பின்னால் உட்காருகிறவர் கையில்தான் படகு போகிற திசை இருக்கும். முன்னால் இருக்கிறவர் துடுப்பை இழுக்க வேண்டும், எதிரே வருவதைப் பார்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தால் படகு ஆடும். அதனால் பின்னால் இருப்பவர் முகம் முன்னால் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது.

"வீட்லயும் மூஞ்சியப் பாக்க முடியல. இங்கயும் முதுகைக் காட்டிட்டுத்தான் உக்காரணுமா?"

"ஏறு" என்றார்.

பொய் சொல்லக் கூடாது, முதல் ஒரு மணி நேரம் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு வளைவு தாண்டியதும் ஊர்ச் சத்தம் நின்றுபோனது. தண்ணீர் பால் ஊற்றாத டீ நிறத்தில் இருந்தது, ஆனால் கையில் அள்ளினால் தெளிவாக இருந்தது. ஒரு தட்டான் என் துடுப்பின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டு, நான் இழுக்க இழுக்கக் கூடவே வந்தது. இத்தனை வருஷம் என் வாளியில் செத்துக் கிடந்த புல்லெல்லாம் இங்கே இரண்டு பக்கமும் உயரமாக நின்று அசைந்துகொண்டிருந்தது.

அப்புறம் பின்னாலிருந்து பிரசங்கம் ஆரம்பித்தது. "இது ஏரியும் இல்ல, நிலமும் இல்ல. தண்ணியும் மண்ணும் இன்னும் பேசி முடிக்கல." மகள் வாசித்துக் காட்டியதில் இந்த வசனத்தை நான் நாலு தடவையாவது கேட்டிருப்பேன்.

"காலேஜ் டீச்சரம்மாகிட்டயும் இதத்தானே சொன்னீங்க? நான் என்ன காசு குடுத்தா வந்திருக்கேன்?" என்றேன். "ஏதாவது வீட்டு விஷயம் பேசுங்க."

பேச்சு நின்றது. பிறகு, "இடப்பக்கம் என்ன தெரியுது?" என்றார்.

"நாணல்."

"வலப்பக்கம்?"

"நாணல்."

"நாணல்னா எப்படி? பழைய முடிச்சு ஏதாவது தெரியுதா பாரு."

பார்த்தேன். பழுப்பாக ஒன்று தெரிந்தது. சொன்னேன். படகை ஒட்டிக்கொண்டுபோய் நிறுத்தினார். பின்னால் நாணல் சலசலக்கும் சத்தம், இழுத்துக் கட்டும் சத்தம். "வழி இருக்கா? அகலமா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். திருப்பினார். இப்படியே அன்றைக்கு முழுக்க நடந்தது. சும்மா இருக்கிற ஒரு நிமிஷம் வாய்க்காது, அதற்குள் ஒரு கேள்வி வந்துவிடும். தண்ணீர் நிறம் மாறுகிறதா, எதிரே வெளிச்சம் தெரிகிறதா, மிதக்கிற புல்லோ கட்டையோ ஏதாவது குறுக்கே கிடக்கிறதா. பள்ளிக்கூடத்தில்கூட என்னை யாரும் இத்தனை கேள்வி கேட்டதில்லை.

சாயங்காலம் ஒரு மேட்டில் படகை ஏற்றினோம். டென்டைக் கண்ணிமைக்கிற நேரத்தில் நிறுத்திவிட்டார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. டீ போட்டு எனக்கு ஊற்றும்போது ஆள்காட்டி விரலை டம்ளருக்குள் விட்டுக்கொண்டு ஊற்றினார். சூடு விரலைத் தொட்டதும் நிறுத்தினார்.

"டீக்குள்ள ஏன் விரலை விடறீங்க? கஸ்டமருக்கும் இப்படித்தான் குடுப்பீங்களா?"

சிரித்தார். என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டே குடித்தேன். "ஏன் இந்த வருஷம் திடீர்னு என்னைக் கூப்பிட்டீங்க?" என்று கேட்டேன். "தோணுச்சு" என்றார். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி உட்கார்ந்திருக்கிறவரிடம் அதற்கு மேல் என்ன கேட்பது?

மறுநாள் எழுந்தபோது தோள்பட்டை இரண்டும் என்னுடையதாக இல்லை. தூறல் வேறு. கண்ணாடியெல்லாம் துளித்துளியாகத் தண்ணீர். கழுத்தில் கொசு. பின்னாலிருந்து அதே பாட்டு. இடப்பக்கம் என்ன தெரியுது, வலப்பக்கம் என்ன தெரியுது.

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. "கண்ணு உங்களுக்கும்தானே இருக்கு? நீங்களே பாருங்களேன்."

"சொல்லேன். முடிச்சு இருக்கா?" என்றார், மெதுவாக.

கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இருக்கு இருக்கு, இடப்பக்கம்" என்றேன்.

படகு இடப்பக்கம் ஒதுங்கியது. நாணல் என் முழங்கையில் உரசியது. பின்னால் சலசலப்பு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். முடிச்சும் இல்லை, வழியும் இல்லை. கையை நுழைக்கக்கூட இடைவெளி விடாமல் நாணல் அடைத்துக்கொண்டு நின்றது. போகிற வழி நேர் எதிரே அகலமாகத் திறந்து கிடந்தது.

"படகு போற அளவுக்கு அகலம் இருக்கா?" என்று கேட்டார்.

பதிலுக்குப் பதில் கிண்டல் செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பின்னால் முடிச்சு இறுகுகிற சத்தம் நிற்கவில்லை. கிண்டலுக்கு யாராவது இவ்வளவு இழுத்துக் கட்டுவார்களா? இரண்டு காலையும் பலகைக்கு அந்தப் பக்கம் தூக்கிப் போட்டு முழுசாகத் திரும்பி உட்கார்ந்தேன். படகு ஆடியது. "ஆட்டாத" என்றார்.

வழியே இல்லாத இடத்தில் பச்சை நாணலைக் கை நிறையப் பிடித்து, ஒழுங்காக, அழகாக முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். கை இடப்பக்கம். முகம் வலப்பக்கம், தண்ணீரைப் பார்த்து. கொக்கு ஒரு கண்ணால் பார்ப்பதற்குத் தலையைச் சாய்க்குமே, அப்படி.

"திரும்பிட்டியா?" என்று கேட்டார்.

நான் ஒன்றும் பேசவில்லை. அவர் முகத்தை நேராக என் பக்கம் வைத்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு நேருக்கு நேர். நான் நாக்கை நீட்டினேன். சின்னக் குழந்தை மாதிரி, முழு நீளத்துக்கு நீட்டினேன்.

அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. கொஞ்ச நேரம் பொறுத்து, "கோவமா இருக்கியா?" என்றார்.

தட்டிவிட்ட டம்ளர், வேன், வாங்கி வராத கயிறு, டீக்குள் விரல், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. "எவ்வளவு நாளா?" என்று கேட்டேன்.

முடிச்சிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார். ரெண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். பார்வைக்கு நட்டநடுவில் ஓர் அழுக்கு. "எதைப் பாக்கணும்னு நினைக்கறேனோ, சரியா அது மேல வந்து நிக்குது. ஓரம் நல்லாத் தெரியுது. நடந்தா இடிக்கமாட்டேன். முகம்தான் தெரியாது. எழுத்து தெரியாது. முடிச்சு தெரியாது." கயிறு வாங்கப் போன அன்றைக்குப் போனது கண் டாக்டரிடம். இதைச் சரிசெய்ய முடியாது, மெதுவாகக் கூடும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அன்றைக்குக் கயிற்றை மறந்துவிட்டார் என்று நான் ராத்திரிச் சாப்பாடு வரை திட்டினேன். அதையும் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறார்.

"அப்போ அந்த டீச்சரம்மாவுக்குப் பாக்கக் கத்துக்குடுத்தது?"

"எனக்கு வழி தெரியணும்ல."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, கோபம்தான் வாய்க்கு வந்தது. "என்கிட்ட ஏன் சொல்லல? நான் என்ன வேத்து மனுஷியா?"

"சொன்னா நிறுத்திடுவ."

"ஆமா நிறுத்துவேன். ஊர்ப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுத் தண்ணியில போறீங்க. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆனா?"

"ஆகல இல்ல."

"போன வருஷம் ஒரு கூட்டம் அரை நாள் பிந்தி வந்துச்சே, அது காத்துனாலயா?"

முடிச்சை இன்னொரு இழுப்பு இழுத்தார். அதுவே பதில். அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. இத்தனை வருஷம் கூப்பிடாதவர் இந்த வருஷம் ஏன் கூப்பிட்டார்? முடிச்சுப் போட இடம் காட்ட ஆள் வேண்டும், உள்ளதை உள்ளபடி சொல்கிற ஆள் வேண்டும், வெளியில் சொல்லாத ஆளாகவும் இருக்க வேண்டும். என்னை மூக்குக் கண்ணாடியாகக் கூட்டி வந்திருக்கிறார்.

"என்னை எனக்காகக் கூட்டிட்டு வந்தீங்களா, என் கண்ணுக்காகக் கூட்டிட்டு வந்தீங்களா?"

இல்லை, உனக்காகத்தான் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "ரெண்டுக்கும்தான்" என்றார். "போன வருஷம் ஏரி இன்னும் கொஞ்சம் தெரிஞ்சுது. அடுத்த வருஷம் இதுவும் இருக்குமோ என்னமோ. உனக்குக் காட்டறேன்னு சொல்லியிருந்தேன்."

நான் எட்டி அந்தப் பச்சை முடிச்சை அவிழ்த்தேன். சுலபத்தில் வரவில்லை, அவ்வளவு நன்றாகப் போட்டிருந்தார். நகக்கண் வலித்தது. அவிழ்த்துவிட்டு, "போங்க. நேரா வழி இருக்கு. இவ்வளவு தூரம் வந்துட்டு அந்த ஏரியைப் பாக்காம நான் திரும்பமாட்டேன்" என்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு முடிச்சையும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்துச் சொன்னேன். கோபம் குறைந்ததால் இல்லை.

உள்ளேரி மத்தியானம் வந்தது. நாணல் சட்டென்று விலகி, எதிர்க்கரை தெரியாமல் தண்ணீர். இத்தனை வருஷம் மனசுக்குள் கட்டி வைத்திருந்த சொர்க்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தட்டையாக, சாம்பல் நிறத்தில், காற்று வீசிக்கொண்டு, தன் பாட்டுக்குக் கிடந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஏரிக்காக அழவில்லை.

"என்ன தெரியுது?" என்று பின்னாலிருந்து கேட்டார்.

"தண்ணி."

கொஞ்ச நேரம் கழித்து நானாகவே சொன்னேன். "தூரத்துல வெள்ளையா ஒரு கூட்டம். எழும்பி, திரும்ப உக்காருது. உங்க சொந்தக்காரங்கதான்."

சிரித்தார். பிறகு முகத்தை வலப்பக்கம் திருப்பி, இடப்பக்கம் திருப்பி, ஏரியை ஓரம் ஓரமாக வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவசரப்படுத்தவில்லை.

திரும்புகிற வழியில் நான் பின்னால் உட்கார்ந்தேன். அவர் முன்னால். எனக்குப் படகை நேராக ஓட்டத் தெரியவில்லை. இந்தப் பக்க நாணலில் முட்டி, அந்தப் பக்க நாணலில் முட்டி, குடித்தவன் வீட்டுக்குப் போவதுபோல் போனோம். அவர் குறை சொல்லவில்லை. துடுப்பைத் தண்ணீருக்குள் சாய்த்துப் பிடி, இழுத்து முடிக்கும்போது வெளியே தள்ளு என்று சொல்லிக்கொண்டே வந்தார். இரண்டாம் நாள் கொஞ்சம் பழகியது. அப்போதுதான் பேச்சை எடுத்தார்.

"சனிக்கிழமை மட்டும் போய்ட்டு வந்துடலாம். இந்த ஒரு தடவை. நீ முன்னாடி உக்காரு. நீ சொல்லு, நான் ஓட்டறேன்."

"ரெண்டு சின்னப் பசங்க. நீச்சல் தெரியாது."

"வழி எனக்கு மனப்பாடம்."

"மனப்பாடமா? வழியே இல்லாத இடத்துல முடிச்சுப் போட்டீங்களே."

அவர் துடுப்பு தண்ணீருக்குள்ளேயே நின்றது. சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது, ஆனால் வேறு எதைச் சொல்லியும் அவரை நிறுத்த முடியாது என்றும் தெரிந்தது. அவர் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. பின்னால் உட்கார்ந்தால் முதுகு மட்டும்தான் தெரியும் என்று இத்தனை வருஷம் அவர் ஏன் என்னிடம் சொல்லவில்லை?

"நிறுத்திட்டு நான் என்ன பண்றது?" என்றார். "ஷெட்ல உக்காந்து டென்ட் துவைக்கறதா?"

"நான் இத்தனை வருஷமா அதைத்தானே பண்றேன்."

வேறு வழிகாட்டி வைக்கலாம், படகுகளை வாடகைக்கு விடலாம் என்றெல்லாம் மனசு கணக்குப் போட்டது. ஆனால் இடப்பக்கம் என்ன தெரியுது என்று கேட்கிற குரல் இல்லாமல் இந்தத் தண்ணீரில் இவர் யார்? வீட்டில் டம்ளரைத் தட்டிவிடுகிற ஒரு மனுஷர். அந்த மனுஷரோடுதான் இனிமேல் நாள் முழுக்க இருக்கப்போகிறேன் என்று நினைத்தபோது பயமாக இருந்தது. பாவமாகவும் இருந்தது. இரண்டையும்விட, என்னிடம் சொல்லாமல் விட்டதற்கான எரிச்சல்தான் பெரிதாக இருந்தது.

ஊர் டவர் நாணலுக்கு மேல் தெரிந்ததும் பையிலிருந்த போன் சிணுங்கியது. நாலு நாள் செய்தியெல்லாம் வரிசையாக வந்து விழுந்தன. துடுப்பை மடியில் வைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டேன். அவர் காலைத் தூக்கிப் போட்டு, நான் செய்த மாதிரியே, என்னைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்தார். இந்தத் தடவை படகு ஆடவில்லை.

"ஹனிமூன் முடிஞ்சுதா?" என்றாள் மகள்.

"சனிக்கிழமை வர்றவங்ககிட்ட வர வேண்டாம்னு சொல்லிடு. அதுக்கப்புறம் புக் பண்ணினவங்களுக்கும் சொல்லிடு."

"ஏம்மா? அப்பாவுக்கு என்ன?"

"வீட்டுக்குப் போய்ப் பேசறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நிமிர்ந்தேன். அவர் முகம் வலப்பக்கத்து நாணலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. பேசும்போது என் முகத்தைப் பாருங்கள் என்று வாய் வரைக்கும் வந்தது, பழக்க தோஷம். அவர் நாணலைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ரெண்டு வருஷமாக இப்படித்தான் பார்த்திருக்கிறார்.

"கண்ணாடி சிவப்பு, இல்ல?" என்றார்.

நான்தான் தலையைக் குனிந்துகொண்டேன்.